பூஜையில் வைத்த இரண்டு பிரதிகள்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கமாட்டேன். லிஃப்ட் வருவதற்குள் மூன்று மாடி ஏறிவிடுவேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் ஹாரனில் கை வைக்காமல் ஒரு நிமிடம் இருக்க முடியாது. "ஒரு இடத்துல உக்காரவே மாட்டியா நீ?" என்று அம்மா இன்றும் கேட்கிறாள், எனக்கு நாற்பத்தைந்து வயதான பிறகும். நான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்த ஆயுத பூஜை வரை.

நான் இருப்பது உறையூரில். அண்ணன், அண்ணி, அம்மா மூவரும் ஸ்ரீரங்கத்தில், ரயில் சத்தம் கேட்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில். அண்ணி பள்ளிக்கூட ஆசிரியை. ஐம்பதை நெருங்கும் வயதில் பிஎச்.டி. சேர்ந்தார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் நெல் அவித்துக் காயவைக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. ஏழு வருடம், சனி ஞாயிறு என்றால் பஸ் ஏறிவிடுவார். களத்தில் அவர்களோடு உட்கார்ந்து, பேச்சை ஃபோனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஏற்றுவார். ஃபோனில் இடம் போதாது என்று அங்கே அழித்துவிடுவார். அப்படி நாற்பது பெண்களின் குரல்கள் அந்த லேப்டாப்பில் சேர்ந்திருந்தன. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் பூஜை முடிந்து இரண்டே வாரத்தில் வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் விஷயம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். "காப்பி எடுத்து வையுங்க, காப்பி எடுத்து வையுங்க" என்று அண்ணியின் உயிரை வாங்கியவளும் நான்தான். ஆன்லைனில் ஏற்றிவிடலாம் என்று சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"முதலாளி காதுக்குப் போகாதுன்னு வாக்குக் கொடுத்துத்தான் அவங்களப் பேச வச்சிருக்கேன். எங்கேயோ இருக்கிற மெஷின்ல போட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது?"

அதனால் நானே ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் பிரதியெடுத்துக் கொடுப்பேன். அண்ணி அதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிடுவார். அது அங்கேயே இருந்திருக்கலாம்.

பூஜையன்று சாயங்காலம் ஹாலில் பெஞ்சு போட்டுப் புத்தகங்களை அடுக்கினோம். ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அண்ணன் தன் ஸ்பானர்களை வைத்தான். அம்மா கத்தரிக்கோலையும் அரிவாள்மனையையும் வைத்தாள். அண்ணியின் லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் ஆயிற்று. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பீரோவைத் திறந்து ஹார்டு டிஸ்கை எடுத்து வந்து லேப்டாப்பின் தலைமேல் வைத்தேன்.

"அது எதுக்கு?" என்றார் அண்ணி.

"ஏழு வருஷ உழைப்பு இதுலயும்தானே இருக்கு? இதுக்கு மட்டும் பூஜை வேண்டாமா?"

அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. அண்ணன் சூடம் காட்டும்போது குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு அவசரம் எனக்கு. இந்தப் பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கம் எட்டி, ஃபோனோடு குனிந்தேன். முந்தானை பட்டு, மஞ்சள் கரைத்து வைத்திருந்த சொம்பு சாய்ந்தது. தண்ணீர் டிஸ்க் மேல் விழுந்து, வழிந்து, லேப்டாப்பின் அடியில் தேங்கி நின்றது.

எல்லாரும் துணி எடுத்துத் துடைத்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. லேப்டாப் அணைந்துதான் இருந்தது. "அப்படியே விடு. நாளைக்குக் காலையில விஜயதசமிக்கு எடுக்கிறப்ப பாத்துக்கலாம். பூஜையில வச்சதை இப்பத் தொடக்கூடாது" என்றாள் அம்மா. அண்ணி தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அண்ணன் பைக்குக்குப் பூசணிக்காய் உடைக்கக் கீழே இறங்கினான், அம்மா எலுமிச்சம்பழத்தோடு பின்னால் போனாள்.

ஹாலில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு முறை பால்கனிக்குப் போய் வந்தேன். ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொண்டால் போதும், ஒரு நிமிடம்தான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அமுக்கினேன். எப்போதும் வரும் அந்தச் சின்ன இசை வந்தது. போன உயிர் திரும்பியது. அந்த ஜோரில் டிஸ்கையும் செருகினேன். திரை இரண்டு முறை வெட்டியது, ஏதோ கருகும் வாசனை வந்தது, எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும். கீழே பூசணிக்காய் உடையும் சத்தம் கேட்டது. மூடி, டிஸ்கை மேலே வைத்து, கலைந்திருந்த குங்குமத்தைக்கூடச் சரி செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

காலையில் அண்ணி குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அமுக்கிய விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். "தண்ணி பட்டதுல போயிடுச்சு போல" என்றான் அண்ணன். அண்ணியின் ஆய்வு வழிகாட்டியிடம் இருந்தது முதல் மூன்று அத்தியாயங்களின் பழைய அச்சுப் பிரதி மட்டும்தான். இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "நான் பாத்துட்டு வரேன் அண்ணி" என்று வண்டியை எடுத்தேன். விடுமுறை நாள். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து தில்லைநகர் வரை கடைகளெல்லாம் பூட்டிக்கிடந்தன. கடைசியில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பாயின் பழுதுபார்க்கும் கடை திறந்திருந்தது.

அவர் லேப்டாப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வாங்கக்கா. வருஷா வருஷம் இந்த வாரம் நமக்குச் சந்தனம் பூசின லேப்டாப்பா வரும்." டிஸ்கைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் பொட்டு. சிரிப்பு நின்றது. "காப்பியையும் அதுகூடவே வச்சீங்களா? அப்புறம் எதுக்குக்கா காப்பி எடுத்தது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

திருகாணிகளைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தவர், "ஈரத்தோட யாரோ ஆன் பண்ணியிருக்காங்க. சும்மா விட்டிருந்தா காஞ்சிருக்கும், பொழச்சிருக்கும். யாருக்கா பண்ணினது?" என்றார்.

"தெரியலையே" என்றேன்.

அதன்பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். தினமும் அலுவலகம் விட்டதும் அந்தச் சந்துக்குப் போய் நிற்பேன். வேறொரு பழைய டிஸ்கிலிருந்து பாகம் எடுத்து மாட்டிப் பார்க்கிறேன் என்றார். மாட்டியாயிற்றா என்று காலையில் ஃபோன், மதியம் ஃபோன். "அக்கா, நீங்க பின்னாடி நடந்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்குது. வீட்டுக்குப் போங்க" என்று ஒருநாள் எழுந்தே நின்றுவிட்டார். வெளியே போய்ச் சந்தில் நடந்தேன். அண்ணியோ ஒருமுறைகூட ஃபோன் செய்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஐந்தாம் நாள் கடைக்கார பாய் கூப்பிட்டார். ஆய்வேட்டில் அதுவரை எழுதியிருந்தது முழுவதும் வந்துவிட்டது. பதிவுகளில் முப்பத்தேழு வந்தன. மூன்று வரவில்லை, இனி வராது. அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவு வந்ததே பெரிசு என்றார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அந்த மூன்றையும் அண்ணி இன்னும் எழுத்தில் இறக்கியிருக்கவில்லை. கடைசி அத்தியாயமே அவற்றைக்கொண்டுதான் எழுத வேண்டும். இரண்டு பெண்களைத் தேடிப் போய் மறுபடி பேச வைத்தார். மூன்றாவது அம்மாள் ஆடி மாதமே இறந்துபோயிருந்தார். முப்பது வருடம் கொதிக்கிற நெல்லை மிதித்துக் கிளறியவர். அந்தக் குரல் இருந்த ஒரே இடம் அந்த லேப்டாப்பும் டிஸ்கும்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொல்றேன், நீ அடி" என்றார் அண்ணி.

லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். நான்கு நாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, அந்த அம்மாள் சொன்னதை ஒவ்வொரு வரியாக ஞாபகத்திலிருந்து எடுப்பார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே சில சமயம் கால் மணி நேரம் போகும். எனக்குக் கால் துடிக்கும். கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ரயில் போகும், இன்னொரு ரயில் போகும். "அப்புறம் அண்ணி?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்றன்று அடித்ததை நான்கு பிரதி எடுத்து, ஒன்றை உறையூருக்குக் கொண்டுபோனேன், ஒன்றை அண்ணியின் பள்ளிக்கூட லாக்கரில் வைத்தோம்.

கடைசி நாளுக்கு முதல் நாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பட்டமும் வந்தது. பைண்டு செய்த பிரதி ஒன்றை அண்ணி என் கையில் கொடுத்தார். கடைசி அத்தியாயத்தில் ஒரு அடிக்குறிப்பு: 'ஒலிப்பதிவு பழுதாகிவிட்டது. ஆய்வாளரின் நினைவிலிருந்து எழுதப்பட்டது.' முன்பக்கத்தில் நன்றியுரை. அதில் 'என் நாத்தனாருக்கு' என்று ஒரு வரி. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"அண்ணி, அன்னைக்கு நீங்க அடுப்படியில இருந்தப்ப..."

"சத்தம் கேட்டுச்சு" என்றார் அண்ணி. "லேப்டாப் ஆன் ஆகுற மியூசிக். சுண்டல் தாளிச்சிட்டு இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு அண்ணி நன்றின்னு போட்டீங்க?" என்றேன்.

"நாலு நாள் ஒரே இடத்துல உக்காந்திருந்தியே" என்றார். "அதுக்கு."