பேத்தி படம் வந்த பக்கம்

அப்பா தேவதானம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இரண்டு முறை தலைவராக இருந்தவர். மூன்றாவது தேர்தலில் தோற்றதும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில் நான்கு பக்க மாதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அவரே நிருபர், அவரே ஆசிரியர். பிழை பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை.

என் மகளுக்கு ஒரு வயது நிறையவிருந்த மாதம், அப்பா தன் பழைய ஊர் ஓடையைப் பற்றி எழுதினார். மில் முதலாளி ஒருவர் ஓடையை மறித்துச் சுவர் கட்டியதால் மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் செய்தியில் போடத் தங்கள் பெயரும் படமும் கொடுத்திருந்தார்கள். அடுத்த இதழில் வரும், கலெக்டர் கையில் நானே கொடுப்பேன் என்று அவர்களுக்கு அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த மில்லில்தான் என் கணவருக்கு வேலை. அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். குழந்தைக்கு அப்போது ஓயாத சளி, மூச்சிரைப்பு. வேலை போய்விட்டால் என்ன செய்வோம் என்ற பயத்தில் அச்சகத்துக்குப் போன் செய்தேன். செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மகளின் பிறந்தநாள் வாழ்த்தைப் போடச் சொன்னேன். வாழ்த்து இல்லாத உள்ளூர்ப் பத்திரிகை உண்டா, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பாவிடமே கேட்டிருக்கலாம். ஒருவேளை அவரே நிறுத்தியிருப்பாரோ என்னவோ.

அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்ததும் அப்பா ஒரு பிரதியை உருவி முன்னும் பின்னும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாப்பா படம் நல்லா விழுந்திருக்கு," என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். நான் குழந்தையோடு உள்ளறையில் இருந்தேன்.

"அண்ணாச்சி, எங்க சேதிய எங்க? நாலு வாட்டி பெரட்டிப் பாத்தாச்சு."

"இவ புதுச்சீல கட்டிக்கிட்டுல்லா போட்டோவுக்கு நின்னா!" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

"சேதிய நான்தான் எடுத்துட்டேன் தாயி," என்றார் அப்பா.

சிரிப்பு நின்றது.

"மில்லுக்காரன் வந்து பாத்துட்டுப் போனானோ?"

"செத்த இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி. ஓட்டுப் போட்டப்பவும் நம்புனோம், பேப்பர் போட்டப்பவும் நம்புனோம்."

நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் விழித்துத்தான் இருந்தாள்.

அடுத்த மாதம் அப்பா எதையும் பிழை பார்க்கத் தரவில்லை. அதற்கடுத்த மாதம் நானே கேட்டேன்.

"என்னத்த எழுத? இனி எவ பேரு தருவா?" என்றார்.

என் மேல் கோபமா என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.