ஒன்பது பனையும் ஒரு கான்கிரீட் கூரையும்

நம் வீட்டுக்கு ஏன் கான்கிரீட் கூரை போட்டேன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய விளக்கமெல்லாம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு மேற்கே மனை வாங்கினேன். அன்றைக்கு எங்களைப் போன்றவர்கள் வீடு கட்டினால் பனங்கை வரிந்து நாட்டு ஓடு மேய்வார்கள். வைரம் பாய்ந்த பனையை நெடுக்காகப் பிளந்து எடுக்கிற சட்டம்தான் பனங்கை. எனக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பொதுவாகக் குளத்தடி வயலில் ஒன்பது பனை இருந்தது, மேற்கு வரப்பில் வரிசையாக. என்னைக் கேட்காமலே பெரியப்பா மரக்காரரிடம் பேசிவிட்டு வந்தார்.

"ஏலே, நம்ம மரம். வெட்டிப் பிளந்தா உனக்கு வீடும் ஆச்சு, மிச்சத்துல எனக்கு மாட்டுத்தொழுவும் ஆச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எனக்கு யோசிக்க இருந்தது. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று நாற்றங்காலைப் படுக்க வைத்துவிடும். அந்தக் காற்றை உடைப்பது அந்தப் பனை வரிசைதான். வரப்பை இறுக்கிப் பிடித்திருப்பதும் அவற்றின் வேர்தான். பக்கத்து வயல்காரர் தன் பனைகளை விற்றார். அடுத்த மழையில் அவர் வரப்பு கரைந்து எங்கள் வாய்க்காலுக்குள் வந்து கிடந்தது. அதை இரண்டு நாள் வாரிப் போட்டவன் நான்.

ஓடும் சும்மா வருவதில்லை. சூளையில் சுட வண்டி வண்டியாக உடைமர விறகு வேண்டும். ஆடிக்காற்றில் ஓடு பறக்கும், பனங்கையைக் கரையான் அரிக்கும், மறுபடியும் மரம், மறுபடியும் சூளை. சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும், அதற்கும் புகை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தடவை சுட்டால் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டேன். உங்கள் அம்மாவுக்கு வேறொரு எண்ணம். மனைக் கிணறு உவர்ப்பு. அதில் பருப்பு வேகாது. கூரையில் விழும் மழை ஒரு மூலைக்கு வந்து தூம்பு வழியாகத் தொட்டியில் இறங்கினால் சமையலுக்கு ஆகும் என்றாள்.

பெரியப்பா சிரித்தார். "கான்கிரீட்டு ஒழுகும்லே. ஐப்பசி மழை வரைக்கும் பொறுத்துக்கிடுதேன். ஒரு சொட்டு உள்ள விழுந்துச்சுன்னா, மறுநாளே மரக்காரன் வருவான். ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிடுதேன் அண்ணே" என்றேன்.

அன்றைக்குச் சிமெண்டு ரேஷன். பெர்மிட் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஆவணியில் கூரை போட்டோம். அடியில் முட்டுக் கொடுத்த பலகைகள் வாடகைக்கு வந்தவை. கூரை இறுகியதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதே பலகை அதற்குமுன் எத்தனையோ கூரையைத் தாங்கியிருந்தது. இது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குத்தான் நான் தப்புச் செய்தேன். கொத்தனார் கலவையைப் பரப்பிவிட்டுக் கீழே டீ குடிக்க இறங்கினார். நான் மேலே ஏறிப் பார்த்தேன். கிழக்கு ஓரம் உயர்ந்திருந்தது, தூம்பு இருந்த மேற்கு மூலை தாழ்ந்திருந்தது. ஆள் அவசரத்தில் கோணலாக்கிவிட்டார் என்று நினைத்தேன். பரம்படித்து வயலை மட்டம் பார்ப்பதில் எனக்கு நல்ல பேர் உண்டு. பலகையை எடுத்து இழுத்து, மேட்டைத் தள்ளிப் பள்ளத்தில் சேர்த்து, நடவு வயல் மாதிரி ஒரே மட்டமாக்கி வைத்தேன். அவர் ஏறி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, வேலை முடிந்ததாகவே தெரிந்தது. அவரும் ஓரங்களைத் தேய்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கூரைமேல் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் இறுகும். உவர்த் தண்ணீர் கம்பியை அரிக்கும் என்று கொத்தனார் சொன்னதால் குளத்திலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்தேன். வரப்புக் கட்டுவது நமக்குப் புதிதா? கூரையை எட்டுப் பாத்தியாகப் பிரித்தேன். எட்டிலும் ஒரே அளவு, ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன வே இது? நான் விட்ட வாட்டம் எங்க?"

"கோணலா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணினீரா! தண்ணி தூம்புக்கு ஓடணும்னு சரிச்சு வச்சா, அதப் போயி நெரவி வச்சிருக்கீரு. இனி மழத்தண்ணி எங்கன போகும்? பேசாம நெல்ல நட்டுரும், ஒரு போகம் எடுக்கலாம்."

சுற்றி நின்ற சித்தாள்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் தேங்கினால் ஊறும், ஊறினால் ஒழுகும், ஒழுகினால் ஒன்பது பனையும் போகும்.

கொத்தனாரே வழியும் சொன்னார். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மேலே பரப்பி, தூம்பைப் பார்த்துச் சரிவு வைத்து, கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிக்க வேண்டும். புரட்டாசியில் ஆரம்பித்தோம். பாதிக் கூரை முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் மழையிலேயே முடியாத பாதியில் தண்ணீர் தேங்கியது. நானும் உங்கள் அம்மாவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தென்னை விளக்குமாறால் தண்ணீரைத் தூம்புப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தோம். பெரியப்பா குடையோடு வந்து நேரே உள்ளே போனார். கீழே நின்று சத்தம் கொடுத்தார்.

"ஏலே, இங்கன ஈரம் தெரியுது!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூரையின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. பெரியப்பா ஸ்டூல் மேல் ஏறித் தொட்டுப் பார்த்தார், விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"சொட்டுதா?" என்று என் பின்னால் இறங்கி வந்த உங்கள் அம்மா வாசலிலிருந்து கேட்டாள்.

"சொட்டல. நசநசன்னு இருக்கு" என்றார் பெரியப்பா.

"சொட்டுனாத்தான மரம் வெட்டணும்னு பேச்சு? நீங்க சொன்னதுதான அத்தான்" என்றாள்.

பெரியப்பா கீழே இறங்கினார். ஸ்டூலைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மழை மூன்று நாள் பெய்தது. மூன்று நாளும் வந்து உட்கார்ந்தார். நாங்கள் மேலே தள்ளினோம், அவர் கீழே பார்த்தார். கறுப்பு பெரிதானது, சொட்டவில்லை. மழை விட்டதும் மீதிப் பாதியையும் தட்டி முடித்தோம். தூம்பு வழியாகத் தொட்டியில் இறங்கிய தண்ணீரில் வெந்த பருப்பை உங்கள் அம்மா பெரியப்பாவுக்கும் பரிமாறினாள். சாப்பிட்டார். மரக்காரரிடம், "இந்த வருசம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான்கைந்து வருடம் கழித்து அவரும் வீடு கட்டினார். பனைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கான்கிரீட்தான், அதே கொத்தனார்தான். கூரை போட்ட அன்று நானும் உதவிக்குப் போனேன். ஏணியில் கால் வைத்தேன். பெரியப்பா கொத்தனாரைப் பார்த்துக் கத்தினார்:

"வே, வாட்டம் நல்லா இறுகுற வரைக்கும் எந்தம்பிய மேல ஏத்தாதீரும்!"

நான் கீழேயே நின்று கலவைச் சட்டி எடுத்துக் கொடுத்தேன்.