ஒரே தலைக்கு இரண்டு பரிவட்டம்

எங்கள் ஊருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் நடுவில் திருமணிமுத்தாறு. ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் அக்கரைக்குப் போக முடியாது. என் மகள் ஐந்தாவது முடித்திருந்தாள். பாலம் வந்தால் மேலே படிப்பாள், வராவிட்டால் ஆடு மேய்ப்பாள். எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

பட்ஜெட்டில் பாலத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மார்ச்சுக்குள் வேலை தொடங்காததால் அது திரும்பிப் போய்விட்டது என்றார் ஓவர்சியர். அந்தச் சமயத்தில்தான் சட்டசபையின் மதிப்பீட்டுக் குழு ஆற்றைப் பார்க்க வந்தது. எழுபதுகளின் கடைசி அது. பட்ஜெட்டையே தட்டிக் கேட்கிறவர்கள் என்று நம்பி, மாரியம்மன் மேல் சாத்திய பட்டுத்துணியை எடுத்து வந்தோம். நோம்பித் திருவிழாவில் வருசத்துக்கு ஒருவருக்கு மட்டும் மரியாதையாகத் தலையில் கட்டுகிற பரிவட்டம். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கிய உறுப்பினர் தலையில் பூசாரி கட்டினார்.

அவர் இளநீர் குடித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினார்.

“மதிப்பீடு சிக்கனமாத்தான் போட்டிருக்காங்க. குறையே இல்லீங்க.”

“அப்புறம் ஏனுங்க சாமி பாலம் வரலை?” என்றேன்.

“அது எங்க வேலை இல்லீங்க. பணம் என்னாச்சுன்னு கேக்கறதுக்குப் பொதுக் கணக்குக் குழுன்னு தனியா இருக்குது. அவங்க அதிகாரத்துல நாங்க தலையிடக் கூடாது.”

சொல்லிவிட்டு, பரிவட்டத்தை அவிழ்த்து வாயைத் துடைத்தார். அம்மன் பட்டில்! பாலத்துக்காக நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. ஆறாவதில் சேர்த்திருந்த மகளுக்கு அந்த வருசம் வீணானது. ஆனியில் மறுபடியும் அதே வகுப்பில் சேர்த்தேன். அடுத்த ஐப்பசியில், ஆறு நுரைத்து ஓடும்போது, பொதுக் கணக்குக் குழு வந்தது. ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவரைப் பார்த்ததும் பூசாரி என் காதைக் கடித்தார்.

“ஏனுங்க, இது அதே தலைங்க.”

“கட்டுங்க” என்றேன்.

இந்தத் தடவையும் இளநீர், ஃபைல்.

“செலவு பண்ணுனதுல தப்புன்னு தணிக்கையில எழுதி வந்தாத்தான் நாங்க கேப்போம். உங்க பாலத்துக்கு ஒரு பைசாக்கூடச் செலவாகலையே! மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதிப் போடுங்க.”

“போன வருசம் அந்தக் குழுவுல நீங்கதானுங்களே வந்தீங்க?”

“அப்ப அதுல இருந்தேன். இப்ப இதுல இருக்கறேன்.”

கூட நின்ற அதிகாரிகள் சிரித்தார்கள். செலவுக்கு முன்னால் கேட்க ஒரு குழு, பின்னால் கேட்க ஒரு குழு. இரண்டிலும் ஒரே வாய், இரண்டுக்கும் ஒரே இளநீர். இந்த லட்சணத்துக்கு மேளம் வேறு வைத்திருந்தோம்.

அவர் கை பரிவட்டத்துக்குப் போவதைப் பார்த்தேன். முந்திக்கொண்டு நானே அவிழ்த்து வாங்கிக்கொண்டேன். முகம் கறுத்தது அவருக்கு. கறுக்கட்டும்.

ஜீப் போன பிறகு மஞ்சள் தண்ணீரில் பட்டுத்துணியை அலசிக் கோவிலில் கொடுத்துவிட்டு, “மன்னிச்சுக்கோ தாயே” என்று விழுந்து கும்பிட்டேன். வீட்டு வாசலில் மகள் ஆட்டுக்குட்டியோடு நின்றாள்.

“ஏனுங்கப்பா, பாலம் கட்டறாங்களாமா?”

நான் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொடுத்தேன். அவளே அடுத்ததைக் கேட்டாள்.

“நாளைக்கு ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டறதுங்க?”

“இக்கரையிலயே ஓட்டு சாமி.”