குட்டைக் கரைக் கத்தரி

மோகனூரில் எங்கள் கரும்புக் காட்டின் ஒரு மூலையைக் குட்டையாக வெட்டி, அண்ணனும் நானும் கூட்டாக நன்னீர் இறால் விட்டோம். சுற்றிலும் எழுப்பிய மண்கரை சும்மா கிடந்தால் என் மனைவிக்குப் பொறுக்காது. கத்தரியும் வெண்டையும் நட்டாள், தண்ணீர்ப் பக்கமாகச் சாய்த்துப் பீர்க்கம் பந்தலும் போட்டாள்.

அந்தக் கரையைப் பார்த்தாலே எனக்குப் பயம். பூச்சிமருந்து ஒரு துளி பட்டாலும் இறால் தாங்காது என்று குஞ்சு கொடுத்தவர் சொல்லியிருந்தார். நான் கோபக்காரன், பயந்துவிட்டால் கோபம் இரண்டு மடங்கு. கத்தரியில் புழு விழுந்ததும் அவளிடம் கத்தினேன்.

“மருந்து பாட்டில மட்டும் கரைப்பக்கம் கொண்டு வந்தீன்னா, நா மனுசனா இருக்க மாட்டேன்.”

“நா எதுக்குங்க கொண்டு வாரேன்? புழுவக் கையிலயே பொறுக்கிக்கறேன்.”

இறால் பிடிக்கப் பத்து நாள் இருந்தபோது, பக்கத்திலிருந்த எங்கள் மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சிக்கு மருந்தடித்தேன். முடித்ததும் முதுகிலிருந்த டேங்க்கை இறக்கிக் கழுவினேன். மருந்தடித்தால் பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதில் டேங்க்கை அலசிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் பக்கம் வழக்கம். கை தன் பாட்டுக்கு அலசியது. மூன்றாம் முறை கவிழ்த்தபோது வெள்ளை நுரை குட்டைக்குள் பரவியது. அப்போதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

நுரையைக் கையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். இவ்வளவு தண்ணீரில் அது என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தீவனம் போடப் போனேன். இறால்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. சில துள்ளின, பல துள்ளவில்லை. பின்னால் தீவன வாளியோடு வந்த மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க, நேத்துக் கத்தரிக்கு அடுப்புச் சாம்பல் தூவுனனுங்க. காத்துல தண்ணிக்குள்ள போயிருச்சாட்ட இருக்குது. உங்களக் கேக்காமப் பண்ணிப்போட்டனுங்க.”

அடுப்புச் சாம்பலுக்கு இறால் இப்படிச் சாகாது. எனக்குத் தெரியும். சொன்னால், பின்னே எதற்குச் செத்தது என்று கேட்பாள், அண்ணனும் கேட்பார். அவள் எழுந்து, காயும் பூவுமாக நின்ற கத்தரிச் செடிகளை அழுதுகொண்டே வேரோடு பிடுங்கினாள். நான் தடுக்கவில்லை.

அண்ணன் ஓடி வந்தார். அவள் சாம்பல் கதையைச் சொல்லிக் கும்பிட்டாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

“நெசமாடா?”

“ஆமாங்கண்ணா,” என்றேன்.

அடுத்த வருடமும் இறால் விட்டோம். அவள் அந்தக் கரையில் ஒரு விதைகூட ஊன்றவில்லை. ஏன் நடவில்லை என்று கேட்க எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.