நீளப் படத்தில் இல்லாத வீடு

எங்கள் மயிலாப்பூர்த் தெருவின் பழைய வீட்டு வரிசையை இடிக்கும் நாள். முந்தின மாலை அந்த வரிசையைத் துண்டு துண்டாக எடுத்த படங்களை, ஒரே பொத்தானில் ஒரு நீளப் படமாக ஒட்டித் தரும் எளிய மென்பொருளில் போட்டேன். நீளப் படம் பிசிறில்லாமல் வந்தது.

"நாம குடியிருந்த வீடு எங்க?" என்றாள் மனைவி.

எங்கள் வாசலின் இருபுறமும் இருந்த ஒரே மாதிரியான இரண்டு தூண்களை ஒன்றாக்கி, நடுவில் நான் வாசலை எடுக்காமல் விட்டதை அந்த மென்பொருள் மறைத்திருந்தது. வேறொரு மென்பொருள் அந்த இடத்தில் கறுப்பு இடைவெளியைக் காட்டியது. கேமராவோடு தெருவுக்கு ஓடினேன்.

"தள்ளி நில்லு சார், செவுரு வுழும்," என்றார் பொக்லைன் ஓட்டுநர்.

"ஒரே ஒரு போட்டோப்பா."

"எடுத்துக்கினு கெளம்பு."

வாசல் கிடைத்தது. ஆனால் நான் போவதற்குள் பக்கத்து வீட்டை இடித்துவிட்டிருந்ததால், அந்தப் பக்கம் பழைய படத்தோடு ஒட்டுவதற்குப் பொதுவான விளிம்பு இல்லை. இரண்டாவது மென்பொருளில்தான் கையால் நகர்த்தி வைக்க முடிந்தது. ஒட்டாத அந்த ஓரத்தில் தெரியும் மெல்லிய கறுப்பு இடைவெளியை நான் அழிக்கவில்லை.