கீழே இறங்காதவன்

ஏனோக்குக்கு நாற்பத்து மூன்று வயது. பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாகக் கோலார் தங்கச் சுரங்கப் பகுதியிலுள்ள சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறுகிறவன். ஏறியதும் கைக்குட்டையை ஜன்னலோர சீட்டில் வீசி இடம் பிடிப்பான், கடைவாயில் புகையிலையை அடக்கிக்கொள்வான், எதிரில் அதே தெரு நாகேஷ் சீட்டுக்கட்டைக் கலைக்க ஆரம்பிப்பான். யாராவது பிரஷர், சுகர் என்று பேச்செடுத்தால் ஏனோக்கிடம் ஒரே பதில்தான்.

"எங்கப்பன் சுரங்கத்துக் கேஜ்ல கீழ போனாரு, போய்ச் சேந்தாரு. நான் லிஃப்டுல மேல போறவன். என்னை ஒண்ணும் பண்ணாது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். தாத்தா நாற்பத்தேழு வயதில் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டின் மேலேயே சாய்ந்தார். அப்பா ஏசுபாதம் நாற்பத்தைந்தில் விழுந்தார். தலைத்தொப்பியை ஆணியில் மாட்டப்போன கை பாதியிலேயே நின்றுவிட்டது, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறம் மூன்று வருஷம் கட்டிலில் கிடந்தார். அந்த வீட்டில் இதற்குப் பக்கவாதம் என்று யாரும் பெயர் சொன்னதில்லை. கீழ்க்காத்து என்பார்கள். சுரங்கத்தின் அடியில் வெந்த உடம்பு, மேலே வந்ததும் குளிர்ந்த காற்று அறைகிறது, ஆள் விழுகிறான். அவ்வளவுதான் கணக்கு. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியபோது தெருவே அழுதது. ஏனோக்கும் அழுதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், கீழ்க்காத்தையும் சேர்த்தே மூடிவிட்டார்கள் என்று கொஞ்சம் மூச்சுவிட்டான்.

போன சனிக்கிழமை அவன் வீட்டில் இருந்தான். அக்கா பியாட்ரிஸ் வாசல் அறையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மூத்தவள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். திடீரென்று கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை போகவில்லை. ஏதோ சொன்னாள். சொல் வாய்க்குள்ளேயே குழைந்தது.

பத்து நிமிஷம் இருக்கும். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், நூலை வெட்டினாள்.

"மடக்கிகினே ஒக்காந்திருந்தா மரத்துதான் போவும். டீ குடி, சரியாப் பூடும்" என்றான் ஏனோக்.

பியாட்ரிஸ் டீ கேட்கவில்லை. அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், சித்த முன்ன என் வாய் எப்டிப் போச்சின்னு பாத்தியா? அப்பா வாய்டா அது. நாகேஷக் கூப்டு. வண்டிய எடுக்கச் சொல்லு."

"யக்கா, நீ இன்னா சுரங்கத்துக்கா போன?"

"போனேனோ இல்லையோ, இப்போ ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வரியா, இல்ல இங்கயே நின்னு பேசிகினு இருக்கப்போறியா?"

நாகேஷ் லீவு நாட்களில் வாடகைக்கு ஓட்ட ஒரு வேன் வைத்திருந்தான். கோலார் போய்ச் சேர முக்கால் மணி நேரமானது. ஆஸ்பத்திரியில் பியாட்ரிஸை உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் காகிதத்தோடு ஏனோக்கிடம் வந்தாள்.

"ஃபேமிலியில யாருக்காவது ஸ்ட்ரோக்?"

"எங்கப்பாவுக்கு."

"அவருக்கு லெவல் எவ்ளோ இருந்துச்சு?"

"எண்பது" என்றான் ஏனோக், பெருமை குறையாமல். "சாம்பியன்ல எண்பதாவதுன்னா சும்மா இல்ல சிஸ்டர்."

நர்ஸுக்குக் கடைசி வாக்கியம் விளங்கவில்லை. 'தந்தை: சுகர் 80, நார்மல்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சுனிதா அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தார். கோலார்க்காரர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் எட்டிப்பார்க்கும்.

"உங்க அக்காவுக்கு வந்தது சின்ன அடைப்பு, அதுவே வெலகிடுச்சு. ஆனா அது எச்சரிக்கை. பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. ரெண்டு நாள் வெச்சுப் பாக்கணும். சரி, அப்பாவுக்கு சுகர் எண்பதுன்னு எழுதியிருக்கு. யார் டெஸ்ட் பண்ணது?"

"சுகரா? நான் சுரங்கத்தச் சொன்னேன் மேடம். அவரு வேலை செஞ்ச ஆழம், எண்பதாவது லெவல். அங்கதான் கீழ்க்காத்து அடிச்சிடுச்சி. தாத்தாவுக்கும் அதே." அவன் கீழ்க்காத்தை விளக்கினான்.

வேன் சாவியோடு நின்ற நாகேஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"சரி. உங்க அக்கா எந்த லெவல்ல வேலை செஞ்சாங்க?"

பியாட்ரிஸ் இறங்கிய ஆழம் தையல் மிஷின் பெடல் வரைக்கும்தான்.

"கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார் டாக்டர். அவன் உட்கார்ந்ததும் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடியும் சுற்றினார். இரண்டு தடவையும் நூற்றெழுபதுக்குப் பக்கம்.

"எனக்கு ஒண்ணும் செய்யலியே மேடம். தலைவலி கூட இல்ல."

"இதுக்கு வலி இருக்காது. பாருங்க, ஸ்ட்ரோக்குக்குன்னு ஒரே ஒரு ஜீன், அது இருந்தா ஆள் காலின்னு சொல்ல முடியாது. அப்படி வர்ற குடும்பங்க ரொம்ப அபூர்வம். மத்தவங்களுக்கு நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசம். ஒண்ணு பிரஷரக் கொஞ்சம் ஏத்தும், ஒண்ணு ரத்தத்தச் சீக்கிரம் உறைய வைக்கும். தனித்தனியா பாத்தா ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல அது நெறைய சேந்து வருதுபோல. ஆம்பள பொம்பள பாக்காது. மேல கீழயும் பாக்காது."

"அப்போ சுரங்கத்துக்குப் பங்கே இல்லையா?" அப்பாவுக்காக வாதாடுகிறவனைப் போலக் கேட்டான்.

"யார் சொன்னா? சூடு, உழைப்பு, புகையிலை எல்லாத்துக்கும் பங்கு இருந்திருக்கும். உங்களுக்குச் சுரங்கம் இல்ல. புகையிலை வாயிலயே இருக்கே."

ஏனோக் கடைவாய்ப் புகையிலையை நாக்கால் உள்ளே தள்ளினான்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா எனக்கு வருமா வராதான்னு சொல்லிடலாமா மேடம்?"

"அப்படிச் சொல்ற டெஸ்ட் இல்ல. உங்க வீட்டுக் கதையும் இந்தப் பிரஷரும் போதும். ஜீன நான் மாத்த முடியாது. பிரஷர எறக்க முடியும், புகையிலைய நீங்க விட முடியும். அதுலயே ஆபத்து நல்லாக் கொறையும். தினம் ஒரு மாத்திரை. நல்லாத்தான இருக்கோம்னு நிறுத்தக் கூடாது."

திங்கட்கிழமை பியாட்ரிஸ் வீடு திரும்பினாள். முதல் வேலையாகச் உப்பு ஆகாதென்று சமையலறை அலமாரியிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். தம்பியின் சட்டைப்பையில் கைவிட்டுப் புகையிலைப் பாக்கெட்டையும் எடுத்தாள். அதை யாருக்கும் கொடுக்கவில்லை, அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் ஏனோக் கைக்குட்டை போட்டான், உட்கார்ந்தான், பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தான். வாயில் புகையிலை இல்லாததால் தாடை சும்மாவே அசைந்துகொண்டிருந்தது.

"இன்னா ஏனோக்" என்று கேட்டான் நாகேஷ், சீட்டைக் கலைத்தபடி. "கீழயே எறங்காதவன் நீ. உனக்கு இன்னாத்துக்கு மாத்திரை?"

ஏனோக் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நான் எறங்கல. அது ஏறி வந்துகிது."

நாகேஷ் சிரித்தான். சீட்டைப் போட்டான். ஊர்காம் தாண்டியது, கோரமண்டல் தாண்டியது. நாகேஷின் அப்பாவும் அதே சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். ஐம்பதைத் தொடாமல் போனவர். அவர்கள் வீட்டிலும் அதற்குக் கீழ்க்காத்து என்றுதான் பெயர்.

பங்காருப்பேட்டை வரும்போது சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்:

"அந்த டாக்டரம்மா சனிக்கிழமை இருப்பாங்களா?"

"இருப்பாங்க" என்றான் ஏனோக். "லெவல் கேட்டா மட்டும் பாத்துச் சொல்லு."