தோசை வரிசையில் நின்றவர்

இனிமேல் யார் பெண் பார்க்க வந்தாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து நிற்க மாட்டேன் என்று சித்தி ஒரு நாள் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, பெண் கொஞ்சம் உயரம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு அவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. அவர்களும் கேசரியை மிச்சம் வைக்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்களோடுதான் இருந்தாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே நாள் முழுக்க அதட்டிப் பழகிய குரலில் அவள் மாட்டேன் என்றால், அம்மாவே மறுபேச்சு பேச மாட்டாள்.

பெரியவர்கள் வேறு வழி யோசித்தார்கள். தங்கவயலில் சுரங்க வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்கு ஒரு பழைய சிநேகிதர் இருந்தார். அவர் இறந்தபின் மனைவியும் மகனும் பெங்களூருக்கு வந்துவிட்டிருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் வேண்டிய ஒருவர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனுக்கு எல்லோருக்கும் அழைப்பு வந்தது. சாப்பிடுகிற நேரத்தில் அந்தப் பையனும் அவனுடைய அம்மாவும் சித்தியை எட்ட நின்று பார்த்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் பெரியப்பா தற்செயலாக வந்ததுபோல வந்து அறிமுகம் செய்துவைப்பார். சித்திக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது. இதுதான் ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கும் யாரும் சொல்லவில்லை. எல்லாம் பின்னாளில் அம்மா வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்ததுதான்.

போய்ப் பார்த்தால் அங்கே பஃபே. தட்டைத் தூக்காமல் ஒரு வாய் சாப்பிட முடியாது.

பெரிய மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஓரம் முழுக்க மேஜைகளும் வெள்ளித் தொப்பி கவிழ்த்ததுபோல மூடிய பாத்திரங்களும் வைத்திருந்தார்கள். பெரியப்பா அதுவரை பஃபே பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு நிற்க வைத்துச் சாப்பிடச் சொல்கிறார்களே, நான் என்ன குதிரையா என்று அப்பாவிடம் முணுமுணுத்துவிட்டு, மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். எப்படியும் கொஞ்ச நேரத்தில் பந்தி போடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. கல்யாண வீட்டார் ஒருவர் அந்தப் பக்கம் வந்து, “ஊட்டா ஆய்த்தா சார்?” என்று கன்னடத்தில் சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்டதற்கு, மானத்தை விடாமல் “ஆய்த்து” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எழுந்து போய்த் தட்டெடுக்கவும் வழியில்லாமல் போனது.

எனக்கு வேறு கவலை. பந்தியென்றால் பரிமாறுகிறவர் மறுபடி வருவார். இங்கே நாம்தான் சாப்பாட்டைத் தேடிப் போகவேண்டும். ஒரு முறை வந்துபோனவளை மறுபடி விடுவார்களா என்று சந்தேகமாக இருந்ததால், எல்லாவற்றையும் அப்போதே வாங்கிவிட்டேன். பிசிபேளேபாத், அதன்மேல் நூடுல்ஸ், நூடுல்ஸ்மேல் கோபி மஞ்சூரியன், எல்லாவற்றையும் மூடி ஒரு பூரி, பூரிமேல் கேசரிபாத்தும் ஜாமூனும். ஜாமூன் உருண்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் வடையை முட்டுக் கொடுத்தேன். அப்புறம்தான் ஐஸ்கிரீம் மேஜை கண்ணில் பட்டது. பக்கத்தில் தோசை வரிசையில் நின்றிருந்த சித்தியிடம் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஆக, மாப்பிள்ளையின் அம்மா முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தபோது, சித்தி இடது கையில் தன் தட்டும் வலது கையில் என் மலையுமாக மூன்றாவதாக ஒரு தோசைக்குக் காத்திருந்தாள். தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய், அதைக் கீழே வை என்று ஜாடை காட்டினாள். சித்தி அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, உனக்கும் வேணுமா என்பதுபோல மலையை உயர்த்திக் காட்டினாள். பெரியப்பா வந்து ஏதாவது பேசிச் சமாளித்திருக்கலாம். அவர் பந்திக்குக் காத்திருந்தார்.

ஐஸ்கிரீம் இப்போது கிடையாது என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வந்தபோது, வரிசையில் சேராமலும் விலகாமலும் ஒருவர் வெறுங்கையோடு நின்றிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. சித்தியையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க லைன்ல இருக்கீங்களா, இல்ல சும்மா பாத்துட்டு நிக்கறீங்களா?” என்று சித்தி கேட்டாள்.

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பாத்துட்டு வரச் சொன்னாங்க,” என்றார். “எங்கம்மா.”

தோசை எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, நன்றாக முறுகலாக வருகிறது என்று நானும் சொல்லிவைத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

சித்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று ஷாமியானாவின் விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்தாள். சித்தி குனிந்து, அன்று அம்மா வற்புறுத்திக் கட்டிவிட்ட புதுப் பட்டுப்புடவையைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் சூப்பர்வைசர் முகமாக மாறியது.

“அப்படின்னா இதக் கொஞ்சம் பிடிங்க,” என்று என் தட்டை அவரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சித்தி ஓரடி பின்னால் போய், காலர் தையலைச் சரிபார்க்கிறவள்போல அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். அவர் தட்டோடு அப்படியே நின்றார். ஜாமூன் உருளப் பார்த்தது. கட்டைவிரலால் அணை போட்டார்.

“இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கணும்?” என்று கேட்டார்.

“கேசரி தின்னு முடிக்கிற வரைக்கும்,” என்ற சித்தி, அவர் கையிலிருந்த தட்டிலேயே ஸ்பூனைப் போட்டு என் கேசரியைத் தின்ன ஆரம்பித்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

ஆட்டோவில் ஏறும்போதே இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து மோர்விட்டுப் பழையசோறு சாப்பிட்டுவிட்டு, காலம் கெட்டுவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோசை வரிசையில் நின்ற அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா திகைத்துப்போய் அடுப்பு பற்றவைக்க ஓடினாள். ஒன்றும் செய்யவேண்டாம், காக்ஸ் டவுன் பக்கம் போய் பேக்கரியில் பிரெட் வாங்கி வருகிறேன் என்று சித்தி செருப்பை மாட்டினாள். அவரும் கிளம்பினார். அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே பேக்கரியைத் தாண்டிப் போனார்கள். நான் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். சித்தி சரி சரி என்றாள். தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் அங்கேயே வந்து, திரும்பவும் தாண்டிப் போனார்கள். தினமும் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிற கடை. அதுகூட இவளுக்கு அடையாளம் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த சுற்றிலாவது தவறவிடக்கூடாதென்று முன்னால் ஓடிப்போய், பேக்கரி வாசல்படியில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர்களும் கையாட்டிவிட்டுக் கடந்து போனார்கள்.